தபால்தலையின் பின்பக்கம்

சாந்தோம், மயிலாப்பூர்,
12 ஜனவரி 1947

அன்புள்ள தம்பி இக்னேஷியஸுக்கு,

அண்ணி பியாட்ரிஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். அங்கே நீயும் ரெஜினாவும் சின்னவனும் சுகமாக இருக்கிறீர்களா? தங்கவயலில் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். குழந்தையின் நெஞ்சுச் சளிக்குத் தைலம் தடவச் சொல்.

மாமாவின் முப்பதாம் நாள் பூசை புதன்கிழமை நடந்தது. கப்பல் ஆபீஸிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மகன் எங்கே என்று கேட்டார்கள். சுரங்கத்தில் லீவு கிடைக்கவில்லை என்றேன். உண்மைதானே.

உன் அப்பா கைப்பட எழுதிவைத்த உயிலைப் பிரித்துப் பார்த்தோம். சுவர்க் கடிகாரமும் சாய்வு நாற்காலியும் உனக்கு. தபால்தலை ஆல்பங்கள் பதினொன்றும், இன்னும் ஒட்டாமல் கிடக்கிற மூன்று பிஸ்கட் டின்களும் எனக்கு. "மருமகள் பியாட்ரிஸ் ஒவ்வொன்றையும் தன் கையால் எடுத்துப் பார்த்து, தரம் பிரித்து, விற்றுக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸுக்கு வந்த தபாலையெல்லாம் பதிவேட்டில் பதிந்த மனுஷர் அல்லவா, செத்த பிறகும் வேலை வாங்காமல் விடவில்லை. ஒன்பதாயிரம் தபால்தலைக்குக் குறையாது. நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பேனா, இதைப் பார்ப்பேனா?

இனி முக்கியமான சங்கதி. ஆண்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியநாதனை உனக்குத் தெரியும். மனைவி இறந்து ஐந்து வருஷமாகிறது. அவர் மகள் கிளாடிஸ் என் வகுப்பில் படிக்கிறாள். போன மே மாதம் அவர் மாமாவிடம் வந்து என்னைக் கேட்டார். மாமா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "இரும்மா" என்றார். ஜூனில் கேட்டேன், "இரும்மா". ஆகஸ்டில் கேட்டேன், அதே "இரும்மா". சமைத்துப் போட ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் என்று முடிவு கட்டினேன். அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர அவரோடு நான் பேசவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் கோபம் தீரவில்லை.

இப்போது வீட்டுக்கு ஆண் துணை நீதான். உன் சம்மதம் வேண்டும். சம்மதம் மட்டும் போதாது, கோவில் சுவாமியார் ஒரு காகிதமும் கேட்கிறார். உன் அண்ணன் பினாங்கில் குண்டு விழுந்தபோது இறந்தார் என்று குடும்பத்தில் ஒருவர் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கப்பலில் தப்பி வந்த அவர் ஆபீஸ்காரர் வீடு எரிந்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொன்னதும், நாம் மரித்தோர் பூசை வைத்ததும், ஐந்து வருஷமாக ஒரு வரி கூட வராததும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தாலும் காகிதம் இல்லாமல் கோவிலில் எங்கள் கலியாண ஓலை வாசிக்க முடியாது என்கிறார்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. எனக்கு இந்த வாழ்க்கை வேண்டும் தம்பி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி பியாட்ரிஸ்


மாரிகுப்பம், கோலார் தங்கவயல்,
22 ஜனவரி 1947

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

உங்கள் கொழுந்தன் இக்னேஷியஸ் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கே மூவரும் சுகம். சின்னவனுக்குச் சளி விட்டுவிட்டது. உங்கள் கண்வலி எப்படி இருக்கிறது?

எனக்குப் பூரண சம்மதம். ரெஜினா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அம்மா இல்லாத வீட்டில் நீங்கள் வந்த பிறகுதான் எனக்கு வேளைக்குச் சோறு கிடைத்தது. அண்ணன் மூன்று வருஷம் உங்களோடு இருந்துவிட்டு மலாயாவுக்குக் கப்பலேறினார். அப்புறம் ஒன்பது வருஷம் நீங்கள் அப்பாவுக்குச் செய்ததை நான் பெற்ற மகனாக இருந்தும் செய்யவில்லை. ஆரோக்கியநாதன் மாஸ்டர் தங்கமான மனிதர்.

ஆல்பங்களைப் பற்றி ஒரு யோசனை. ஒன்பதாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால் உங்கள் கண் போய்விடும். யாராவது வியாபாரியைக் கூப்பிட்டு மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுங்கள். அப்பா எழுதிவைத்தது ஆசையில் எழுதியது. அதை அப்படியே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

சுவாமியார் கேட்ட காகிதத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புள்ள,
இக்னேஷியஸ்


சாந்தோம்,
9 பிப்ரவரி 1947

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். ரெஜினாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். கண்வலி அப்படியேதான் இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை.

உன் சம்மதக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இனாயத் சாயபு என்று பழைய தபால்தலை வாங்கி விற்கிறவர் இருக்கிறார். வீட்டுக்கே வந்து பார்த்தார். மொத்தமாகக் கொடுத்தால் நூற்றைம்பதுக்கு மேல் தர முடியாதாம். தேசவாரியாகப் பிரித்து, கிழிசலும் கறையும் தள்ளி, நல்லதைத் தனியாக எடுத்துக் கொடுத்தால் நாலு மடங்கு தருகிறாராம். அந்த ரூபாய் இருந்தால் வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆகையால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்கப் போகிறேன். நீ கோபித்துக்கொள்ளாதே.

முதல் நாளே ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். டின்னில் இருந்த உறைத்துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். ராஜா தலை போட்ட இருபது தபால்தலை சாயம் போய் வெளுத்துவிட்டது. சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, தோசைக்கு அரிசி போட்ற மாதிரி ஊறப்போட்டுக்கினுகீறே" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் ஒன்று சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு அழகான கப்பல் படத்தைக் காட்டினேன். "மொகம் நல்லாத்தான் கீது. முதுவத் திருப்பு" என்றார். பின்பக்கம் காகிதம் உரிந்திருந்தால் விலை பாதியாகிவிடுமாம். மாமா தபால்தலையை முழுக்க ஒட்டுவதில்லை. மேல் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய காகிதத்தால் ஒட்டியிருப்பார், கதவு மாதிரித் தூக்கிப் பார்க்கலாம். தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் பொடியாக எழுத்து. யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதி வந்தது. ஆபீஸ் பதிவேட்டில் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறார். இது உனக்குத் தெரியுமா? நான் பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை.

எட்டாம் ஆல்பத்தில் உன் அண்ணன் எனக்கு எழுதிய கடிதங்களின் தபால்தலைகள் இருக்கின்றன. "வில்லியம், 4-9-39." "வில்லியம், 17-1-40." கடைசி ஒன்று "வில்லியம், 20-11-41". கடிதத்தை நான் படித்து முடிக்கும் வரை உறைக்காகக் காத்துக்கொண்டு நிற்பாரே, அவைதான். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி விபூதிப் புதன். தபசு காலத்து நாற்பது நாளும் முடிந்து, பாஸ்குத் திருநாளுக்குப் பிறகுதான் கலியாணம். அதற்குள் காகிதம் வந்தால் போதும். மறந்துவிடாதே.

அன்புள்ள அண்ணி,
பியாட்ரிஸ்


மாரிகுப்பம்,
26 பிப்ரவரி 1947

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறோம்.

காகிதம் இத்துடன் இருக்கிறது. இங்கே இருக்கிற சுவாமியார் முன்னால் கையெழுத்துப் போட்டு அவர் முத்திரையும் வாங்கியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், ஆபீஸில் வேலை அதிகம்.

ஆல்பங்களை இவ்வளவு சிரமப்பட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டுமா? விலை குறைந்தால் குறையட்டும், மீதியை நான் அனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அப்பா கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த பதினொன்றாம் ஆல்பம், சிவப்பு அட்டை போட்டது, அதை எனக்கு ஞாபகமாகக் கொடுத்துவிடுங்கள். பிரிக்க வேண்டாம், பார்க்க வேண்டாம், அப்படியே துணியில் கட்டிப் பார்சலில் போட்டுவிடுங்கள்.

இக்னேஷியஸ்


சாந்தோம்,
30 மார்ச் 1947, குருத்து ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே?

காகிதத்தைச் சுவாமியாரிடம் கொடுத்துவிட்டேன். பார்த்துத் தலையாட்டினார். ஏப்ரல் பதின்மூன்று, இருபது, இருபத்தேழு ஆகிய மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கிறார்கள். முப்பதாம் தேதி காலைப் பூசையில் கலியாணம். மாஸ்டர் எனக்குத் தேங்காய்ப்பூ நிறத்தில் ஒரு பட்டு எடுத்திருக்கிறார். விதவைக்கு அவ்வளவு வெளுப்பு வேண்டாம், கொஞ்சம் கலர் இருக்கட்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். மாஸ்டர் அவரிடம் சண்டை போட்டு அதையே வாங்கி வந்தார். அவருக்குச் சண்டை போடக்கூடத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கிளாடிஸ் வகுப்பில் என்னை டீச்சர் என்கிறாள். வாசல் தாண்டினதும் அம்மா என்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பத்து ஆல்பமும் முடித்துவிட்டேன். தியாகராய நகரில் பணி ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினீயருக்காக இனாயத் சாயபு கேட்டிருக்கிறார், நல்ல விலை வரும் போலிருக்கிறது. சிவப்பு ஆல்பம் மட்டும் பாக்கி. அது உனக்குத்தான், சந்தேகமே வேண்டாம். உயிலில் ஒவ்வொன்றையும் பார் என்று எழுதியிருக்கிறாரே, அதையும் ஒரு தடவை புரட்டிவிட்டு அனுப்புகிறேன். மாமா உயிரோடு இருந்தபோது அவர் பேச்சைக் கேட்கவில்லை, இதிலாவது கேட்கிறேன்.

அன்புள்ள அண்ணி,
பியாட்ரிஸ்


மாரிகுப்பம்,
7 ஏப்ரல் 1947

அண்ணிக்கு,

பாஸ்கு வாழ்த்துகள். சுகம்.

சிவப்பு ஆல்பத்தை இந்தக் கடிதம் கண்ட அன்றே அனுப்பிவிடுங்கள். புரட்ட வேண்டாம். சாயபுவிடம் காட்டவும் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், நேரில் சொல்கிறேன். கலியாணத்துக்கு இருபத்தெட்டாம் தேதி வந்துவிடுவேன்.

இக்னேஷியஸ்


சாந்தோம்,
21 ஏப்ரல் 1947

தம்பி இக்னேஷியஸுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகம் என்று நம்புகிறேன்.

நேற்று இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மத்தியானம் உனக்கு அனுப்புவதற்காகச் சிவப்பு ஆல்பத்தை எடுத்து வைத்தேன். நீ அவ்வளவு சொல்லியும் புரட்டினேன். அது என் குணம், உனக்குத் தெரியாததல்ல.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் மலாயா தபால்தலை ஒன்று தனியாக இருக்கிறது. ராஜா முகத்தின் மேல் கறுப்பாக மூன்று இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருக்கிறது. பின்பக்கம் மாமாவின் பென்சிலில் "வில்லியம், 11-3-46".

தேதியை மாற்றிப் போட்டிருப்பார், வயசான கை என்று நினைத்தேன். இன்று காலை பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ராயப்பேட்டைக்குப் போனேன். அந்த ஒன்றை மட்டும் சாயபுவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துச் சொன்னார்: "சண்ட முடிஞ்சி, வெள்ளக்காரப் பட்டாளம் மலாயாவுக்குத் திரும்பி வந்தப்புறம் போட்டதும்மா இது. அதுக்கு முன்ன இது பொறக்கவே இல்ல." நிச்சயம்தானா, நிச்சயம்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இது அணாவுக்குக் கூடப் போகாது, இதுக்கா இவ்ளோ கவல என்று சமாதானம் சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்கு முன் உன் பதில் வர வேண்டும். தந்தியானாலும் சரி.

பியாட்ரிஸ்


சாந்தோம்,
28 ஏப்ரல் 1947

இக்னேஷியஸுக்கு,

சனிக்கிழமை மாலைத் தபால்காரன் வரும்வரை வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்குப் போனான், எதிர் வீட்டுக்குப் போனான். தந்தியும் இல்லை. உனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அதனால் பதில் தெரிந்துவிட்டது.

ஓலை வாசித்து முடித்ததும், இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சுவாமியார் சொல்வாரே, எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். யாரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. ஞாயிறு விடியற்காலையில் பூசைக்கு முன்னால் நான் போனேன். என் ஓலைக்குத் தடை சொன்னது நான்தான். சுவாமியார் தபால்தலையை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அப்புறம் உன் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூசையில் வேறு இரண்டு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என்னைத் திரும்பிப் பார்த்தன. நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இன்று வருவதாக எழுதியிருந்தாய், இதுவரை வரவில்லை. இனியும் வர வேண்டாம். எழுது.

பியாட்ரிஸ்


மாரிகுப்பம்,
5 மே 1947

அண்ணிக்கு,

சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணன் உயிரோடு இருக்கிறார். போன வருஷம் மார்ச்சில் அப்பாவுக்குக் கப்பல் ஆபீஸ் விலாசத்தில் கடிதம் எழுதினார். குண்டு விழுந்த அன்று அவர் ஊரில் இல்லை. யுத்த காலத்தில் தைப்பிங் என்ற ஊரில் ஒரு குடும்பம் அடைக்கலம் கொடுத்ததாம். அந்த வீட்டுப் பெண்ணோடு இப்போது குடித்தனம் நடத்துகிறார். இரண்டு குழந்தைகள். திரும்பி வருகிற முகம் தனக்கு இல்லை என்றும், இறந்துவிட்டதாகவே பியாட்ரிஸ் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றும் எழுதியிருந்தார்.

பாஸ்குவுக்கு நான் வந்திருந்தபோது, நீங்கள் கோவிலுக்குப் போயிருந்த சமயம் அப்பா அதைக் காட்டினார். என் கண் முன்னாலேயே கடிதத்தை அடுப்பில் போட்டார். உறையையும் போடப் போனவர், நிறுத்தி, தபால்தலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார். இதை ஏன் வைத்துக்கொள்கிறீர்கள், அண்ணி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வந்தது வந்ததுதாண்டா. பதியாம எப்படி இருக்கறது?" என்றார். அண்ணனுக்கு அவர் பதில் எழுதவில்லை.

ஆரோக்கியநாதன் மாஸ்டர் உங்களைக் கேட்டபோது அப்பாவால் சரி என்று சொல்ல முடியவில்லை, ஏன் கூடாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீங்கள் பேசாமல் இருந்த மாதங்களில் எனக்கு இரண்டு கடிதம் எழுதினார். சமையல் நன்றாக இருக்கிறது, பியாட்ரிஸ் பேசுவதில்லை, அவள் மேல் தப்பில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தார். உயிலில் அந்த வரியை ஏன் எழுதினார் என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாததை உங்கள் கையாலேயே எடுத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நான் அப்படி விட விரும்பவில்லை. காகிதத்தை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருந்தேன். நரகத்துக்குக் கொண்டுபோகிற சாவான பாவமாவதற்கு அறிவும் முழுமனதும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே, உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்களுக்குப் பாவமில்லை, மாஸ்டருக்கும் இல்லை, தெரிந்து கையெழுத்துப் போட்ட எனக்கு மட்டும்தான் என்று கணக்குப் போட்டேன். அண்ணனுக்கு ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. உங்களுக்கும் ஒன்று கிடைத்தால் என்ன என்று நினைத்தேன். என் ஆத்துமம் போனால் போகட்டும் என்று சுவாமியார் முன்னால் சத்தியம் பண்ணினேன். அந்தப் பாவத்தோடு பூசையில் அப்பம் வாங்கக் கூடாதே, அன்றிலிருந்து நான் நன்மை வாங்கவில்லை. ரெஜினா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் கேட்ட கடிதம் அந்தப் புதன்கிழமையே வந்தது. வெள்ளிக்கிழமை தந்தி ஆபீஸுக்குப் போனேன். அண்ணன் இறந்தது உண்மை என்று பாரத்தில் எழுதினேன். நான் சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். என் முறை வந்தது, பாரத்தை ஜன்னலில் நீட்ட முடியவில்லை. மாற்றி எழுதவும் முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அண்ணனின் விலாசம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். வேண்டுமானால் தருகிறேன். என்னை மன்னிக்க முடியுமா?

இக்னேஷியஸ்


சாந்தோம்,
8 ஜூன் 1947

இக்னேஷியஸுக்கு,

சுகம். உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உட்கார்ந்து எழுதினால் வசவாகத்தான் வந்தது.

ஆல்பங்களை விற்றுவிட்டேன். தியாகராய நகர் இன்ஜினீயர் அறுநூற்று நாற்பது கொடுத்தார். பதினொன்றும் போய்விட்டது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்ததைத் திரும்ப அங்கேயே ஒட்டிக் கொடுத்தேன். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கட்டுமா என்று சாயபு கேட்டார். வேண்டாம், பதிந்தது பதிந்ததாகவே இருக்கட்டும் என்றேன்.

கல்லறைக்குப் போய் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு மாதம் ஒரு வீட்டுக்குள் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். நான் பாவத்தில் விழாமல் இருக்க அவர் என் வெறுப்பை வாங்கிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

மாஸ்டரிடம் அந்த ஞாயிறே சொல்லிவிட்டேன். பூசை முடிந்து கோவிலுக்குப் பின்னால் கடற்கரையில் நின்று கேட்டுக்கொண்டார். யார் மேலும் கோபப்படவில்லை. கிளாடிஸை வேறு டீச்சர் வகுப்புக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவள் என்ன செய்தாள் என்றேன். அப்புறம், "அவர் சாவுக்குக் காத்திருக்கிறது பாவம், டீச்சர். காத்திருக்க மாட்டேன்னு சொன்னா அது பொய்" என்றார். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது பள்ளிக்கூட வாசலில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், நானும் சொல்கிறேன். கிளாடிஸிடம் இனிமேல் எல்லா இடத்திலும் டீச்சர் என்றே கூப்பிடச் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க அழுதேன்.

நீ நரகத்துக்குப் போய் எனக்கு ஒரு குடும்பம் வாங்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாய். அதில் உன் பாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் என்றாவது ஒருநாள், இரண்டு குழந்தை பெற்ற பிறகு, அந்தத் தபால்தலை என் கையில் கிடைத்திருந்தால்? நீ அதை யோசிக்கவில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கு. ரெஜினாவைக் கவலைப்பட வைக்காதே. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இன்னும் இல்லை. முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

விலாசத்தை அனுப்பு.

பியாட்ரிஸ்


சாந்தோம், மயிலாப்பூர்,
29 ஜூன் 1947

அன்புள்ள உங்களுக்கு,

பியாட்ரிஸ் எழுதுவது. நான் சுகம். நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன்.

அப்பா போன டிசம்பர் ஒன்பதாம் தேதி காலமானார். அதிகம் கஷ்டப்படவில்லை. நல்ல மரணம். உங்கள் கடிதம் அவருக்குக் கிடைத்தது. பதில் எழுதவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். உங்களை அவர் ஒதுக்கவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. பணம் கேட்டும் எழுதவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வருகிறது, மாமாவின் ஆல்பங்களை விற்ற தொகையும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றித் தெரியுமா என்றும் கேட்கவில்லை. உங்களுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியவள், நன்றாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கலியாணம் நடக்க இருந்தது. நல்லவர். ஏழு வயதில் ஒரு மகள். இரண்டு ஓலை வாசித்த பிறகு நீங்கள் இருப்பது தெரிந்தது, நின்றுவிட்டது. நீங்கள் இருக்கும்வரை அது நடக்காது.

ஐந்து வருஷம் உங்கள் ஆத்தும இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொண்டேன். இப்போது பூசையில் முழங்கால் போடும்போதெல்லாம் என் மனசு ஆண்டவரிடம் எதைக் கேட்டுவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆகையால் அது வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். ஒரு நாளும் தவறாமல் செய்கிறேன். அங்கே மழை அதிகம் என்று முன்பு எழுதுவீர்கள். நனையாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி,
பியாட்ரிஸ்